ஆம்ப்புக்குச் செலவழித்தீர்கள், வயருக்கு?

காரில் சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்று தனி ஸ்பீக்கர், போடப் போகிறேன் என்று யார் வந்தாலும் கேள்விகள் ஒரே வரிசையில்தான் வருகின்றன. எந்த ஆம்ப் (அதற்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்), எத்தனை வாட்ஸ், பத்து இன்ச்சா பன்னிரண்டு இன்ச்சா, டிக்கியில் பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும். வயரைப் பற்றிக் கேட்கிற ஆள் அபூர்வம். அது ஆம்ப்போடு சேர்ந்து வருகிற பொருள், பிளாஸ்டிக் கவரில் சிவப்பும் கறுப்புமாகச் சுருட்டி வைத்த ஒரு கிட், பில்லில் கடைசி வரி. ஆனால் இந்த மொத்த செட்டில் வண்டியைக் கொளுத்தக்கூடிய பொருள் எது என்று கேட்டால் நான் ஆம்ப்பைக் காட்ட மாட்டேன், அந்தக் கிட்டைத்தான் காட்டுவேன்.

எனக்கு வேலை கோவையில் பேனல் போர்டு பக்கம். கேபிள் சைஸ், லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), பஸ்பார் என்றே பொழுது போவதால் சொந்தக்காரர்களுக்குள் வயரிங் என்றால் என்னைக் கைகாட்டி விடுகிறார்கள். சமீபத்தில் சித்தி பையன் தன் ஸ்விஃப்ட்டில் ஒரு மோனோ ஆம்ப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான், அதாவது இன்னும் மாட்டவில்லை, பின் சீட்டில் அட்டைப்பெட்டியோடு. “அண்ணா, 3000 வாட்ஸ். கடைல விட்டா சரியா பண்ண மாட்டாங்க, நீங்கதான் பண்ணித் தரணும்.” அந்த வண்டியை வைத்தே எழுதுகிறேன், கணக்கெல்லாம் அதற்குப் போட்டதுதான்.

முதலில் அந்த 3000. ஆம்ப்பின் மேல்புறம் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள், பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸை எண்ணுங்கள். அவனுடையதில் 30 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் மூன்று, ஆக 90 ஆம்பியர். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் அளவுக்கு இருக்கும், பெருக்கினால் 1240 வாட்ஸ் உள்ளே போகிறது. கிளாஸ் டி ஆம்ப் என்றால் அதில் 80 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் சூடு. அப்படியானால் வெளியே வருவது 1000 வாட்ஸ் பக்கம். அட்டையின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் (விடாமல் தரக்கூடிய வாட்ஸ்) 1000 என்று அவர்களே ஒத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 3000 என்பது விற்பதற்கான எண், வயருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்பாக இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஸ்பீக்கருக்குப் போகும், அதே 1000 வாட்ஸுக்கு 130 ஆம்பியர் கேட்கும். ஆக எந்த ஆம்ப் என்று தெரிந்த பிறகுதான் வயர் பேச்சே.

90 ஆம்பியர் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற சிங்கிள் ஃபேஸ் மெயினில் கூட அவ்வளவு ஓடாது. 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் எல்லோருக்கும் ஒரு அலட்சியம் வந்துவிடுகிறது. ஷாக் அடிக்காது, சரி. ஆனால் வயரைச் சூடாக்குவது வோல்ட் கிடையாது, ஆம்பியர். அதுவும் ஆம்பியரின் வர்க்கத்தில் சூடு ஏறும், இரண்டு மடங்கு கரண்ட் போனால் நான்கு மடங்கு சூடு.

ஸ்விஃப்ட் மாதிரி வண்டியில் பேட்டரியிலிருந்து டிக்கி வரை, வளைவு நெளிவெல்லாம் சேர்த்தால் 5 மீட்டர் வயர் தேவை. நல்ல காப்பரில் 25 ஸ்கொயர் எம்எம் (உள்ளே இருக்கும் உலோகத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு) போட்டால் 90 ஆம்பியரில் சுமார் 0.3 வோல்ட் இறங்கும், வயர் முழுக்கப் பரவி 28 வாட்ஸ் சூடு, கையில் தெரியாது. அதையே 10 ஸ்கொயரில் இழுத்தால் 0.77 வோல்ட் போய்விடும், 70 வாட்ஸ் சூடு, அதுவும் கார்ப்பெட்டுக்கு அடியில் காற்றே போகாத இடத்தில். பாட்டு ஓடும்போது கரண்ட் எப்போதும் உச்சத்தில் இருக்காது, சராசரி மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் தப்பான வயர் போட்ட வண்டிகளும் பல நாள் ஓடுகின்றன. ஆனால் ஒருவன் பேஸை முழுக்கத் திருப்பி, ஒலி கிழிகிற அளவுக்கு வைத்து ஹைவேயில் இரண்டு மணி நேரம் போனால் அந்தச் சராசரிக் கணக்கு செல்லாது.

இப்போது அந்தக் கிட். உறையின் மேல் ‘4 கேஜ்’ என்று அச்சடித்திருந்தது. 4 கேஜ் என்றால் 21 ஸ்கொயர் எம்எம் உலோகம் இருக்க வேண்டும். பார்க்கக் கட்டைவிரல் தடிமன். பிளேடால் நறுக்கிப் பார்த்தால் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான், நடுவில் இருந்த கம்பிக் கற்றையை வெர்னியரில் அளந்து பார்த்தால் 10 ஸ்கொயருக்குக் கொஞ்சம் கூட. சரி, அதுவாவது காப்பரா? ஒரு இழையைக் கத்தி நுனியால் சுரண்டினேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது, சிசிஏ என்று சொல்வார்கள். அதற்கு அதே தடிமனில் காப்பரை விட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. மேலே சொன்ன 0.77 வோல்ட் அதில் 1.2 வோல்ட் ஆகும், சூடு 110 வாட்ஸைத் தொடும். இதில் குழப்பிக்கொள்ள வேண்டாத ஒரு விஷயம் உண்டு. நல்ல காப்பர் வயரிலும் டின் பூசியது உண்டு, அது மேலே வெள்ளையாக இருக்கும், சுரண்டினால் உள்ளே சிவப்பு. சுரண்டிய பிறகு தெரிகிற நிறம்தான் கணக்கு. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒற்றை இழையை லைட்டரில் காட்டுங்கள், அலுமினியம் 660 டிகிரியிலேயே தளர்ந்து தொங்கிவிடும், காப்பர் சிவந்து நிற்கும்.

சிசிஏ போடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு சைஸ் பெரியதாகப் போட்டால் அது வேலை செய்யும். ஆனால் அலுமினியம் ஸ்குருவுக்கு அடியில் நசுங்கித் தளரும், ஈரம் பட்டால் காப்பரோடு சேருகிற இடத்தில் பூத்துப்போகும், கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். காசு மிச்சமாவதும் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் செய்தது என்னவென்றால் கிட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஹார்டுவேர் கடையில் 25 ஸ்கொயர் காப்பர் வெல்டிங் கேபிள் வாங்கினேன். இது கார் ஆடியோக்காரர்களுக்குப் பிடிக்காத யோசனை, அழகு போதாது என்பார்கள். மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் நன்றாக வளையும், மேலுறை சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் ரப்பர், ஐஎஸ் 9857 முத்திரை இருந்தால் சைஸில் ஏமாற்ற மாட்டார்கள். வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் விற்கிறார்கள் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். சென்னைக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆம்ப் பார்த்துவிட்டு வயருக்குப் பாரிமுனைப் பக்கம் போய்விடலாம். வீட்டு வயரிங்குக்கு வருகிற தடிமனான இழை வயரை மட்டும் காரில் போடாதீர்கள், அதிர்வில் லக்குக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இழையாக ஒடியும்.

இனி ஃப்யூஸ். இந்தப் பதிவில் ஒரு பத்தி மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பேட்டரிக்குப் பக்கத்தில் போடுகிற மெயின் ஃப்யூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆம்ப்புக்கு அதன் உடம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறது. மெயின் ஃப்யூஸ் வயருக்கு. ஆம்ப் இல்லாவிட்டாலும், வயரின் அந்த முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும் அது தேவை. காரணம் எளிது. காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் வயர் 5 மீட்டர் தூரம் அந்த உடம்பை உரசிக்கொண்டே போகிறது. வழியில் எங்காவது ஒரு தகட்டு விளிம்பு உறையை அறுத்தால், சீட் ரெயில் நசுக்கினால், யாரோ அடித்த ஸ்குரு குத்தினால், ஷார்ட். சின்ன கார் பேட்டரி கூட அந்த நேரத்தில் பல நூறு ஆம்பியர் கொடுக்கும், செல்ஃப் மோட்டாரைச் சுற்றுகிற பேட்டரி அல்லவா. 10 ஸ்கொயர் வயரில் 700 ஆம்பியர் ஓடினால் விநாடிக்கு இருபது டிகிரிக்கு மேல் ஏறும், உறை உருகிச் சொட்ட பத்து விநாடி கூட வேண்டாம், அதற்கு மேல் கார்ப்பெட், சீட் ஃபோம், பெட்ரோல் பைப். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் இருக்கிற ஆளால் எதுவும் செய்ய முடியாது, சாவியைத் திருப்பினாலும் நிற்காது, அந்த வயர் நேராகப் பேட்டரியில் இருக்கிறது.

அதனால் ஃப்யூஸ் பேட்டரி டெர்மினலிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், முடிந்தால் ஒரு சாண் தூரத்துக்குள். ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள துண்டு மட்டும்தான் பாதுகாப்பில்லாதது, அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. டிக்கியில் ஆம்ப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று ஃப்யூஸ் ஹோல்டர் வைத்துக் கொடுக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன், வாடிக்கையாளர் டிக்கியைத் திறந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த இடத்தில் அது அலங்காரம். 5 மீட்டர் வயரும் காவல் இல்லாமல் கிடக்கிறது.

எத்தனை ஆம்பியர்? ஆம்ப் கேட்பதை விடக் குறையக் கூடாது, வயர் தாங்குவதைத் தாண்டக் கூடாது. நல்ல காப்பர் 25 ஸ்கொயருக்கு 125 வரை போடலாம், அவன் ஆம்ப் கேட்பது 90, ஆக 100 ஆம்பியர் ஏஎன்எல் ஃப்யூஸ் (போல்ட்டில் இறுக்கும் தட்டை வகை). அந்தக் கிட்டில் வந்த வயருக்கு 50-க்கு மேல் எனக்குத் துணிவு இல்லை, ஆனால் அதோடு கூடவே 100 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து விற்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாய் மாதிரி வரும் தடிமனான ஏஜியு ஃப்யூஸைத் தவிர்ப்பேன், முனையில் பற்ற வைத்த இடம் சூட்டில் விட்டுப்போகும், தொடுகிற பரப்பும் கம்மி. இரண்டு ஆம்ப் போட்டு டிஸ்ட்ரிப்யூஷன் பிளாக்கில் வயரைப் பிரிக்கிறவர்கள், பிரிந்து போகிற மெல்லிய வயர் ஒவ்வொன்றுக்கும் அங்கேயே அதனதன் சைஸுக்கு ஃப்யூஸ் வையுங்கள். முன்னால் இருக்கிற 100 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 10 ஸ்கொயர் வயர் எரிவது தெரியாது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் பேட்டரியில் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவை அல்ல. பாசிட்டிவ் நட்டைத் திருப்பும்போது ஸ்பேனர் மட்கார்டில் பட்டால் அங்கேயே வெல்டிங் நடக்கும், நெகட்டிவைக் கழற்றியிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது தலைகீழ், நெகட்டிவ் கடைசி. கையில் மோதிரம், காப்பு, இரும்பு வாட்ச் ஸ்ட்ராப் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

வயரைப் பானட்டிலிருந்து உள்ளே கொண்டுவருகிற இடம்தான் வழியிலேயே மோசமான இடம். எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் கம்பெனி வைத்த ரப்பர் கிராமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) எங்காவது இருக்கும், அதில் நுழைத்து எடுங்கள். வேறு வழியே இல்லாமல் துளை போட்டால் பிசிரை அரத்தால் தேய்த்து, பெயின்ட் தடவி, கட்டாயம் புது கிராமெட் போட வேண்டும். வெறும் தகட்டுத் துளையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டுப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை ஒரு கோடையில் இளகி வழிந்துவிடும், அதற்குப் பிறகு உறைக்கும் தகட்டு விளிம்புக்கும் நடுவில் எதுவும் இல்லை. பானட்டுக்குள் வயருக்கு மேல் நெளிவுக் குழாய் மாட்டி, சைலன்சர் பக்கமும் ஃபேன் பக்கமும் போகாமல், ஒவ்வொரு சாணுக்கும் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

உள்ளே வந்தபின் கதவுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றி அதன் அடியில் கொண்டு போகலாம். அங்கே கம்பெனி வயர்களும் ஓடும், மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதைத் தள்ளி வைப்பதற்குக் கூட இழுக்காதீர்கள், அதில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது சுத்தமாகக் கூடாது. சீட் ரெயிலுக்கு அடியில் குறுக்கு வழி எடுக்கவே வேண்டாம். ஆம்ப்பை டிக்கித் தரையில் ஸ்குரு அடித்து உட்கார வைக்கிறவர்கள், தயவு செய்து ஒரு தடவை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் சீட்டுக்கு அடியில் இருப்பது பெட்ரோல் டேங்க், அதிலிருந்து பைப்புகள் ஓடுகின்றன, பிரேக் பைப்பும் கூட. நான் ஆம்ப்பைத் தகட்டில் அடிப்பதே இல்லை. ஒரு பிளைவுட் பலகையில் அடித்து, பலகையைப் பின் சீட்டின் முதுகுப் பக்கம் நிறுத்தி விடுவேன், காற்றும் போகும்.

எர்த் வயரைப் பற்றி, அதாவது ஆம்ப்பின் நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கும் வயரைப் பற்றி, ஆளாளுக்கு ஒரு கருத்து. என் கருத்து இது: போகிற வயர் எவ்வளவு தடிமனோ திரும்புகிற வயரும் அவ்வளவு தடிமன், ஏனென்றால் அதே 90 ஆம்பியர்தான் திரும்புகிறது. நீளம் அரை மீட்டருக்குள். வண்டி உடம்பின் தடிமனான பகுதியில், பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வெள்ளி நிறம் தெரிகிறவரை தேய்த்து, லக் வைத்து, பல் வைத்த வாஷர் போட்டு, போல்ட்டும் நட்டுமாக இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே பெயின்ட்டோ கிரீஸோ தடவிவிடுங்கள், தேய்த்த இடம் மழைக்காலத்தில் துருப்பிடித்தால் எல்லாம் வீண். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்காதீர்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் பெரிய போல்ட்டாக இருப்பதால் எல்லோரும் அதைத்தான் தேடிப் போகிறார்கள். அதன் அடியில் ஒரு லக் உட்கார்ந்தால் அதன் பிடிமானம் கம்பெனி இறுக்கிய பிடிமானமாக இருக்காது, விபத்தில் ஒரு ஆளைத் தாங்க வேண்டிய போல்ட் அது. டெயில் லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எர்த் போல்ட்டும் வேண்டாம், அது பல்புகளுக்கானது.

டிக்கியில் பாதி வேலைதான். கரண்ட் தகடு வழியாக முன்னால் போய் அங்கிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஏற வேண்டும், அந்த இடத்தில் கம்பெனி வைத்திருக்கும் எர்த் வயர் மெல்லிசு. பேட்டரி நெகட்டிவிலிருந்து உடம்புக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து உடம்புக்கு ஒன்று, ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் டைனமோ) பேட்டரி பாசிட்டிவுக்கு ஒன்று என்று மூன்று வயரையும் தடிமனாக்குவதைத்தான் பிக் த்ரீ என்கிறார்கள். பழைய வயரைக் கழற்ற வேண்டியதில்லை, கூடவே ஒன்று சேர்த்தால் போதும், ஆல்டர்னேட்டர் வயருக்கு மட்டும் ஃப்யூஸ் வைத்து. 1000 வாட்ஸ் என்றால் நான் இதைச் செய்யாமல் விடமாட்டேன். புது வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்பிலேயே ஒரு சின்ன கறுப்புப் பெட்டி, அதில் மெல்லிய வயர் என்று இருந்தால் அது பேட்டரியை அளக்கும் சென்சார். எர்த்தை அதற்கு முன்னால், டெர்மினல் மேலேயே கொடுத்தால் உங்கள் ஆம்ப் இழுப்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, சார்ஜ் கணக்கு தப்பும். சென்சாருக்கு அந்தப் பக்கம், உடம்பில் கொடுங்கள்.

லக் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையான ஆள், தொழில் புத்தி. 25 ஸ்கொயர் வயருக்கு 25 ஸ்கொயர் காப்பர் லக், லக்கை வயரோடு நசுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல், அதில் அறுகோண அச்சு. டூல் இல்லாவிட்டால் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் யாரிடமாவது வயரைக் கொண்டு போனால் டீக்காசுக்கு அடித்துக் கொடுப்பார்கள். சுத்தியலால் தட்டுவது, கட்டிங் பிளேயரால் நெரிப்பது, ஆம்ப்பின் துளைக்குள் நுழையவில்லை என்று பாதி இழைகளை வெட்டி எறிவது, இதெல்லாம் பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும். ஒரு சுமாரான ஜாயின்ட்டில் 10 மில்லி ஓம் தடை இருந்தாலே 90 ஆம்பியரில் 80 வாட்ஸ் சூடு, அதுவும் ஒரே புள்ளியில். நாம் ஈயம் பற்ற வைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். மூன்று சால்டரிங் அயர்னைக் கார்ப்பெட்டுக்கு அடியில் போட்டு மூடிவிட்டு வண்டி ஓட்டுவீர்களா?

ஆல்டர்னேட்டர் கணக்கு பலருக்குக் கசக்கும். அவன் வண்டியில் அது 75 ஆம்பியர். அது எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது, ஐடிலில் பாதி கூடத் தேறாது. ஏசி பிளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்ந்து இரவில் 40, 50 ஆம்பியர் சாப்பிட்டுவிடும். மிச்சத்தில்தான் ஆம்ப். பற்றாக்குறையைப் பேட்டரி கொடுக்கும், அது 35 ஏஎச் (ஆம்பியர்-மணி). கல்யாண மண்டபத்து வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டு வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஆள் தேட வேண்டியதுதான். ஹெட்லைட் பேஸ் அடிக்கு அடி மங்குகிறது என்றால் கடையில் உடனே ஒரு கெபாசிட்டரைக் காட்டுவார்கள், நீல டிஸ்ப்ளே எரியும், 1 ஃபாரட். அது 13.8 வோல்ட்டிலிருந்து 12.8-க்கு இறங்குவதற்குள் தருவது 13 ஜூல். 1000 வாட்ஸுக்கு அது விநாடியில் 75-ல் ஒரு பங்கு நேரம் வரும். அந்தக் காசை வயரில் போடுங்கள். இரண்டாவது பேட்டரி டிக்கியில் வைக்கிறவர்கள் சாதா தண்ணி பேட்டரியை வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், டிக்கியும் நாம் உட்காரும் இடமும் ஒரே காற்று. மூடிய ஏஜிஎம் வகை வையுங்கள், நடுவில் போகிற வயருக்கு இரண்டு முனையிலும் ஃப்யூஸ், ஏனென்றால் இப்போது இரண்டு பக்கமும் கரண்ட் கொடுக்க ஆள் இருக்கிறது.

சிக்னல் பக்கம் ஆபத்து கிடையாது, எரிச்சல்தான். ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டு போகும் ஆர்சிஏ வயரைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கம் கொண்டு போங்கள், எஞ்சின் ரேஸ் பண்ணும்போது கூடவே ஏறி இறங்கும் ‘உய்ங்’ சத்தம் வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். ஆம்ப்பை ஆன் பண்ணச் சொல்லும் ரிமோட் வயர் ஸ்டீரியோவிலிருந்து, கம்பெனி ஸ்டீரியோவில் அது இல்லை என்றால் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துத் தானாக ஆன் ஆகும் ஆம்ப்பாக வாங்குங்கள். சப்வூஃபரில் இரண்டு வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம் என்றால் பேரலலில் 2 ஓம். ஆம்ப் 2 ஓம் வரைதான் என்று எழுதியிருந்தால் அதோடு நிறுத்துங்கள், 1 ஓமுக்குக் கொண்டு போனால் கரண்ட் ஏறும், மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும்.

சிஎன்ஜி வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். டிக்கியில் சிலிண்டர், அதன் தாங்கியிலேயே ஆம்ப்பை அடித்து, எர்த்தையும் அதிலேயே கொடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள், அவ்வளவுதான். கேஸ் வால்வு இருக்கிற இடத்தில் 90 ஆம்பியர் ஜாயின்ட்டுக்கு வேலை இல்லை. சீட்டுக்கு அடியில் பொருந்துகிற சின்ன சப்வூஃபர் போட்டுக்கொண்டு திருப்திப்படுங்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு உறை வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள், அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். டூரிஸ்ட் பஸ், லாரி 24 வோல்ட் வண்டி. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆம்ப்புக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். எடுத்த பேட்டரி எப்போதும் பாதி காலி, எடுக்காத பேட்டரி எப்போதும் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். 24-க்கு 12 கன்வெர்ட்டர் போடுவதுதான் வழி.

எல்லாம் மாட்டியபின் மெயின் ஃப்யூஸ் இல்லாமல் நெகட்டிவை மாட்டுங்கள். ஒரு 12 வோல்ட் பல்பை ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் தொடுங்கள், ஆம்ப்புக்குள் இருக்கும் கெபாசிட்டர் நிரம்பும்வரை ஒரு நொடி மின்னி அணையும். அணையாமல் முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், தேடுங்கள். அணைந்தால் ஃப்யூஸைப் போடுங்கள். பிறகு எஞ்சின் ஓட, பாட்டுச் சத்தமாக ஓட, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை, நீளமான ஒரு வயர் சேர்த்து, ஆம்ப்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். தெரிகிற எண் வழியில் தொலைகிற வோல்ட். நெகட்டிவுக்கும் இப்படியே. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஓம் வைத்து அளந்து “ஜீரோ காட்டுதுண்ணா” என்று சொல்வதில் பயன் இல்லை, நம் மீட்டருக்கு மில்லி ஓம் தெரியாது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் லக், ஆம்ப் டெர்மினல் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் அந்த ஜாயின்ட்டைப் பிரித்து மறுபடி. ஒரு மாதம் கழித்து எல்லா ஸ்குருவையும் ஒரு சுற்று இறுக்குங்கள், இழை வயர் அமுங்கி இடம் விட்டிருக்கும்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஆம்ப், சப்வூஃபர் பில்லைக் காட்டி, கம்பெனியில் வராத எலெக்ட்ரிக்கல் பொருட்களுக்கான ஐஎம்டி 24 பிரிவில் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் கொஞ்சம் வரும். சொல்லாமல் போட்ட பொருளுக்கு அவர்கள் காசு தர மாட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் மெயின் ஃப்யூஸ் போகலாம். போனால் எங்கே, ஏன் என்று பார்த்த பிறகுதான் அதே 100 ஆம்பியரை மறுபடி போட வேண்டும். “அடிக்கடி போகுது, 150 போட்டு விட்டுடலாம்” என்று கடையில் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.